நீல விளக்கு மட்டும் ஏன் கலங்கலாகத் தெரிகிறது?

இரவில் கடைப் பலகைகளில் சிவப்பு எழுத்துகள் பளிச்சென்று தெரிய, பக்கத்திலேயே நீல எல்இடி எழுத்துகள் மட்டும் கலங்கித் தெரிகின்றனவா? பவர் கூடிவிட்டதோ என்று உடனே பயப்பட வேண்டாம். நல்ல கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.

கருவிழியும் லென்ஸும் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும்தான் விழித்திரையில் சரியாகக் குவிகின்றன. 450 நானோமீட்டர் அளவிலுள்ள நீலம் விழித்திரைக்கு முன்பே குவிந்து, பிறகு பரவிவிடுகிறது. வித்தியாசம் ஏறக்குறைய 1 டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அலகு). அதாவது, நீலத்துக்கு மட்டும் எல்லோருக்குமே சுமார் மைனஸ் 1 கிட்டப்பார்வை இருக்கிறது. இருட்டில் கண்ணின் பாப்பா (ஒளி நுழையும் நடுத் துளை) விரிவதால் இந்தக் கலங்கல் இன்னும் கூடும்.

விழித்திரையும் நீலத்துக்குச் சாதகமாக இல்லை. நீலத்தை உணரும் கூம்பு செல்கள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நுணுக்கமாகப் பார்க்க உதவும் நடுப்புள்ளியில் அவை அறவே இல்லை. அங்குள்ள மஞ்சள் நிறமியும் நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். வெள்ளைப் பொருள்களில் கூர்மையைச் சிவப்பும் பச்சையும் தந்துவிடுவதால் இந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை.

நிறத்துக்கு நிறம் குவியம் மாறுவதை வைத்துத்தான் கண் பரிசோதனையில் சிவப்பு-பச்சை டெஸ்ட் செய்கிறோம். சிவப்புப் பின்னணியில் உள்ள கறுப்பு எழுத்து கூர்மையாக இருந்தால் மைனஸ் இன்னும் கொஞ்சம் தேவை; பச்சையில் கூர்மை என்றால் மைனஸ் அதிகமாகிவிட்டது. 0.25 டயாப்டராக மாற்றி, இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்துவோம். இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்: எந்த நிறம் பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்துப் பதில் சொல்கிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு, எழுத்தின் ஓரம் எங்கே வெட்டினாற்போல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பதில் பிசகினால் பவரும் பிசகும்.

வீட்டிலேயே சோதிக்க, கெட்டி அட்டையில் சுமார் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக அந்த நீல எழுத்தைப் பாருங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் எழுத்து தெளிந்தால் அது குவியம் சார்ந்த விஷயம்தான். வெள்ளை எழுத்தும் வெறுங்கண்ணுக்கு மங்கி, துளை வழியே தெளிந்தால் பவர் பார்க்க வேண்டும். துளை வழியேயும் தெளியவில்லை என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். திடீர்க் கண் அழுத்தமாக இருக்கக்கூடும்.

நீல ஒளி தடுப்புக் கண்ணாடி இந்தக் குவியத்தை மாற்றாது, நீலத்தின் பிரகாசத்தைத்தான் கொஞ்சம் குறைக்கும். இரவில் வண்டி ஓட்டும்போது அடர் மஞ்சள் கண்ணாடியைத் தவிர்ப்பது நல்லது, சாலை மேலும் இருண்டு தெரியும். பலகை வைப்பவர்கள் கறுப்பின் மேல் நீலத்தில் பொடி எழுத்து வேண்டாம். நீலத்தைப் பின்னணியாக்கி எழுத்தை வெள்ளையில் வைத்தால் தூரத்திலிருந்தே படிக்கலாம்.