அவரைக்கு எப்படித் தெரிகிறது, ஐப்பசி வந்துவிட்டதென்று?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சித்திரையில் மாடியில் அவரை போட்டேன். பந்தல் தாங்காமல் படர்ந்து கிடக்கிறது, ஆனால் ஒரு பூ இல்லை. எரு வைத்தாயிற்று, தேமோர்க் கரைசலும் தெளித்தாயிற்று. பக்கத்து வீட்டு அம்மா இது மலட்டுக் கொடி என்கிறார். பிடுங்கிவிட்டு ஆடிப்பட்டத்துக்கு வேறு ஏதாவது போடட்டுமா?"

பிடுங்காதீர்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்கு முன் கேள்வியின் பின்பாதியை முடித்துவிடுகிறேன்.

ஆடி, ஆவணியில் என்ன போடுவது என்பதை ஊரின் மழையும் ராத்திரி வெப்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அதற்குள் செடி வேர் பிடித்து நிமிர்ந்துவிட வேண்டும். வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய் எல்லாம் சூட்டுக்குப் பயப்படாதவை, தாராளமாகப் போடலாம். தக்காளி அப்படியில்லை. பகல் சூட்டைவிட ராத்திரிப் புழுக்கம்தான் அதற்கு எமன். இரவிலும் வெப்பம் இறங்கவில்லை என்றால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ காம்போடு உதிரும். சென்னையில் ஆவணி இரவுகள் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே சென்னைக்காரர்கள் நாற்றைத் தள்ளி விட்டு, பூக்கும் நாள் கார்த்திகையில் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புண்ணியத்தில் இரவு 22 டிகிரி வரை இறங்கும், உங்களுக்குக் கவலையில்லை. காலிஃபிளவர், கேரட் விதைப் பாக்கெட்டுகளில் படம் அழகாகத்தான் இருக்கும். ஊட்டியில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

புடலை, பீர்க்கு, சுரை, பூசணிக்கும் இது நல்ல நேரம். நீண்ட பகலும் அதிக வெப்பமும் இந்தக் கொடிகளில் ஆண்பூக்களைக் கூட்டும். பகல் குறைந்து இரவு குளிரக் குளிரப் பெண்பூக்கள் பெருகும். கோடையில் "பூவாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சு இல்லை" என்று புலம்பியவர்கள் புரட்டாசியில் அதே கொடியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பகல் குறைந்து என்று எழுதிவிட்டேன். நம் ஊரில் பகல் அப்படி எவ்வளவு குறைந்துவிடுகிறது? லண்டன்காரரிடம் கேட்டால் கோடையில் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் பகல், டிசம்பரில் எட்டு என்பார். சென்னையில் ஆடி பிறக்கும்போது பகல் ஏறக்குறைய 12 மணி 47 நிமிடம். ஆவணி பிறக்கும்போது 12 மணி 32 நிமிடம். ஐப்பசி முதல் நாளில் 11 மணி 49 நிமிடம், கார்த்திகையில் 11 மணி 30 நிமிடம். வேகமாகக் குறையும் நாட்களில்கூட ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசம் 40 விநாடிக்குச் சற்றே மேல்தான். கோயம்புத்தூர் இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இன்னும் குறைவு. அலாரம் வைத்து எழும் நமக்கே உறைக்காத இந்த வித்தியாசத்தை உங்கள் மாடியில் கிடக்கும் கொடி அளந்துகொண்டிருக்கிறது.

இப்படி ஒரு அளவெடுப்பு நடக்கிறது என்பதை முதலில் நிரூபித்தவர்கள் கார்னர், அல்லார்டு என்ற இருவர். அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்தவர்கள். 'மேரிலாண்ட் மாமத்' என்றொரு புகையிலை ரகம் அவர்களைப் படுத்தியது. கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளரும், பூக்காது, பனி வந்து சாகும். அதையே கண்ணாடி வீட்டில் வைத்தால் குளிர்காலத்தில் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். உரம், ஈரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. இன்னொரு பக்கம், 'பிலக்சி' என்ற சோயாவை வசந்தத்தில் தொடங்கி இடைவெளி விட்டு விட்டு விதைத்துப் பார்த்தால், முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் செப்டம்பரை ஒட்டிக் கூட்டாகப் பூத்தன. கடைசியில் 1918 கோடையில் ஒரு சின்ன இருட்டுக் கொட்டகை கட்டி, செடிகளை மாலையில் சீக்கிரமே உள்ளே தள்ளி, பகலைச் செயற்கையாகக் குறைத்தார்கள். பூத்தது. 1920இல் கட்டுரை வந்தது.

உங்கள் அவரையின் கதையும் இந்தச் சோயாவின் கதைதான். சித்திரையில் போட்டவரும் ஆடியில் போட்டவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பூப் பார்ப்பார்கள். முந்திப் போட்டவருக்கு லாபம், இலை மட்டும்.

இங்கிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தச் செடிகளுக்குக் 'குறும்பகல் தாவரங்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் தப்பு. 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தையை வைத்துச் சோதித்தார்கள். நம் ஊர்ப் புறம்போக்குகளில் முள்ளுக்காயோடு வேட்டியில் ஒட்டும் அதே களைதான். அதற்கு எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்ட ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தால் போதும், பூக்கத் தீர்மானித்துவிடும். பகலின் நடுவே சற்று நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள். செடி கண்டுகொள்ளவில்லை. இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பூ நின்றுபோனது! ஆக, செடி அளப்பது பகலை அல்ல, இடையில் அறுபடாத இருட்டை.

இருட்டை எதைக் கொண்டு அளக்கிறது? இலையில் பைட்டோகுரோம் என்றொரு நிறமிப் புரதம் இருக்கிறது. அதற்கு இரண்டு வடிவம். சிவப்பு ஒளி பட்டால் முதல் வடிவம் இரண்டாவதாக மாறும். அதைவிட நீண்ட அலையான, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைச்சிவப்பு ஒளி பட்டால் பழையபடி திரும்பும். வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் மாதிரி, கடைசியாக எந்தப் பக்கம் தட்டினோமோ அந்தப் பக்கம் நிற்கும். 1952இல் இதை லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதையில் காட்டினார்கள். சிவப்பு, தொலைச்சிவப்பு, சிவப்பு, தொலைச்சிவப்பு என்று எத்தனை முறை மாற்றி மாற்றி ஒளி காட்டினாலும் விதை கடைசி ஒளிக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. கடைசி சிவப்பு என்றால் முளைத்தது, தொலைச்சிவப்பு என்றால் பெரும்பாலானவை தூங்கின. மருளூமத்தையிலும் அப்படியே. நடுராத்திரி சிவப்பு விளக்கு பூவைக் கெடுக்கும். உடனே தொலைச்சிவப்பைக் காட்டினால் கெட்டது சரியாகிவிடும்.

இருட்டில் இந்தச் சுவிட்ச் தானாகவும் மெல்லத் திரும்பும். ஆகவே முதலில் இதை ஒரு மணற்கடிகாரம் என்று நினைத்தார்கள். நிறமி முழுக்கத் திரும்பிவிட்டால் இரவு நீளம் என்று அர்த்தம், முடிந்தது கணக்கு. ஆனால் நிறமி அதற்கெல்லாம் ரொம்ப முன்பே திரும்பிவிடுகிறது. அப்படியானால் வேறு கடிகாரம் இருக்க வேண்டும். இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் சில மரபணுக்கள் ஒன்றையொன்று முடுக்கியும் அடக்கியும் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பியூனிங் என்ற ஜெர்மானியர் 1936லேயே ஊகித்தது இதைத்தான். செடியின் உள்கடிகாரம் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு ஜன்னலைத் திறக்கிறது. அந்த நேரத்தில் வெளியே வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா என்று பார்க்கிறது. அவ்வளவுதான் அளவெடுப்பு. வெளிச்சம் பட்டால் 'இன்னும் கோடை, இலையை விடு'. தொடர்ந்து சில நாள் இருட்டாகவே இருந்தால் 'காலம் வந்துவிட்டது'. எண்ணத் தெரிய வேண்டியதில்லை, 40 விநாடி வித்தியாசம் புரிய வேண்டியதுமில்லை. எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெளிச்சமா இருட்டா என்று தெரிந்தால் போதும்.

எட்டிப் பார்ப்பது இலை, பூப்பது கிளையின் நுனி. செய்தி எப்படிப் போகிறது? 1930களில் சைலக்கியான் என்ற ஆர்மீனியர் 'புளோரிஜன்' என்ற ஒரு பொருள் இலையிலிருந்து பயணம் போகிறது என்றார். எழுபது வருடம் தேடியும் அது யார் கையிலும் சிக்கவில்லை. 2007இல்தான் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியிலும் நெல்லிலும் தனித்தனியாகப் பிடித்தார்கள். ஒரு சின்னப் புரதம், சர்க்கரை ஓடும் குழாய் வழியாகவே நுனிக்குப் போய்ச் சேர்கிறது.

குறுந்தொகை 82ஆம் பாட்டில் ஒரு பெண் தோழியிடம் குறைபட்டுக்கொள்கிறாள். அவன் வரவில்லை, "கொழுங்கொடி அவரை பூக்கும் அரும்பனி அச்சிரம்" வந்துவிட்டது என்று. அச்சிரம் என்றால் முன்பனிக்காலம். மலைச்சாரலில் அவரை பூப்பதைக் காலண்டர் போலப் பார்த்திருக்கிறார்கள். பொங்கல் கூட்டில் பச்சை மொச்சையும் அவரையும் தவறாமல் விழுவதும் நீண்ட இரவுகளின் வேலைதான். இதைப் படித்துவிட்டு, 'நம் முன்னோர் அன்றே பைட்டோகுரோம் அறிந்திருந்தார்கள்' என்று யாரும் வாட்ஸப்பில் போட்டுவிட வேண்டாம். அவர்கள் பார்த்தார்கள், நினைவில் வைத்தார்கள். அதுவே பெரிய விஷயம். அதே ஆட்கள் வளர்பிறையில் விதைத்தால்தான் காய்க்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு எனக்குக் கிடைத்த ஆதாரம் பூஜ்யம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், முழுநிலவுக்கு ஏறக்குறைய கால் லக்ஸ்தான். பெரும்பாலான செடிகளின் சுவிட்சைத் தட்ட அது போதாது.

தெருவிளக்கு போதும். தாம்பரத்தில் நான் இருந்த வாடகை வீட்டில் அவரைக்கொடி பாதி மாடிச் சுவரிலும் பாதி தெருப் பக்கக் கம்பியிலும் படர்ந்திருந்தது. புதிதாக வெள்ளை எல்இடி விளக்கு போட்ட வருடம், கார்த்திகையில் சுவர்ப் பக்கம் கொத்துக் கொத்தாகப் பூ. விளக்குப் பக்கம் வெறும் இலை. எத்தனை மனு கொடுத்தாலும் விளக்கைத் திருப்ப வரமாட்டார்கள் என்று தெரிந்து, பழைய கோணிச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். சில வாரத்தில் அந்தப் பக்கமும் மொட்டு வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இரவில் போனால் சில சாமந்தி வயல்களில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்க்கலாம். அது இதே வித்தை, வேண்டுமென்றே. விலை கிடைக்கும் நாள் வரும்வரை பூவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குத்து அவரை இருக்கிறது. நாள்நீளத்தைக் கண்டுகொள்ளாத ரகங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் அந்த வகை. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் விட்டிருக்கிறது. எப்போது விதைத்தாலும் காய்க்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரிக்கு மட்டுமே உரியதாக இருந்த அவரைக்காய் இன்று வருடம் முழுக்கச் சந்தைக்கு வருவது இப்படிப்பட்ட ரகங்களால்தான். ஆனால் பந்தல் அவரையின் வாசனை அதில் இல்லை என்று என் அம்மா சொல்வார், நானும் அந்தக் கட்சி. நம் ஊர்களில் இன்னும் எத்தனை நாட்டு அவரை இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் பூக்கிறது என்று ஒரு பத்து வருடம் குறித்துவைக்க நோட்டும் பேனாவும் ஆளும் போதும். அதற்குப் பணம் கேட்டு எழுதினால் 'இதில் புதுமை என்ன' என்று கேள்வி வருகிறது. கார்னரும் அல்லார்டும் கேட்டது ஒரு கொட்டகை.

சரி, வாசகிக்கு. எருவைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இலைதான் இன்னும் வரும். பந்தலை மூடிய கொடியைக் கால்வாசி கவாத்து செய்யுங்கள், புதுக் கிளையில்தான் பூங்கொத்து வரும். காலியான ஓரத்துத் தொட்டிகளில் வெண்டையும் கொத்தவரையும் போட்டுக்கொள்ளலாம். மாடிப்படி விளக்கு விடிய விடிய எரியும் வழக்கம் உண்டென்றால் புரட்டாசியிலிருந்து பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கார்த்திகையில் ஒரு கூடை கொடுத்தனுப்புங்கள்.