தசைநாணும் தசைநாரும்: ஒரு சொல் விளக்கம்

கிரிக்கெட் விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட என் பெறாமகனைக் கொழும்பிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றபோது, மும்மொழியில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதன் தமிழ்ப் பத்தியில், "கிழிந்த தசைநாருக்குப் பதிலாக நோயாளியின் தசைநார் எடுத்துப் பொருத்தப்படும்" என்றிருந்தது. பையன் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "கிழிஞ்சதையே திருப்பி எடுத்து வைப்பினமோ, சித்தப்பா?" என்று கேட்டான். பக்கத்துச் சிங்களப் பத்தியில் பந்தனி, கண்டரா என்று இரு வேறு சொற்கள் நின்றன. தமிழருக்கு ஒன்றே போதும் என்று மொழிபெயர்த்தவர் எண்ணிவிட்டார் போலும்.

தசையை என்போடு பிணைப்பது டெண்டன். என்பை என்போடு பிணைப்பது லிகமெண்ட். முன்னதன் வேர் இழுத்து நீட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையோடும், பின்னதன் வேர் கட்டுதலைக் குறிக்கும் வினையோடும் உறவுடையவை. தமிழில் முன்னதற்குத் தசைநாண் என்ற நல்ல சொல் உண்டு. ஆனால் விளையாட்டுச் செய்திகளிலும் மருந்து விளம்பரங்களிலும் இரண்டுமே தசைநார் ஆகிவிட்டன. போதாக்குறைக்குத் தசைக்குள் இருக்கும் நுண்ணிழையும் தசைநார்தான். பரம்பரையாக வரும் தசை நலிவு நோயைத் தசைநார்ச் சிதைவு என்று எழுதுவதும் அந்தப் பொருளில்தான். ஆகவே கணுக்கால் பிசகிய ஒருவர், தமக்குத் தசைநார் சிதைந்துவிட்டது என்று வாசித்து நடுங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

நார் என்பது உரித்தெடுக்கும் இழை. வாழைநாரும் பனைநாரும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாண் என்பதோ இரு முனைகளிலும் கட்டுண்டு, இழுவிசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் கயிறு. வில்லின் நாண் தானாகச் சுருங்குவதில்லை. வளைந்த வில்லின் விசையை அம்புக்குக் கொடுக்கிறது. தசை சுருங்க, அந்த இழுவையை என்புக்குக் கொண்டுபோகும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் காட்டிவிட முடியாது.

"நாண் என்றால் வெட்கம் என்றல்லவா சனங்கள் நினைப்பார்கள்? தசைநார்தான் எல்லோருக்கும் விளங்கும்" என்பது எதிர்த்தரப்பு வாதம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வட்டத்தின் நாணை வரைந்து, அதன் நடுப்புள்ளிக்கு மையத்திலிருந்து கோடு கீறுகிறார்கள். அவர்களில் ஒருவரும் வட்டம் வெட்கப்படுவதாக எழுதியதில்லை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டை நம் பாடநூல்கள் முண்ணாண் என்கின்றன; அது முள்ளும் நாணும் சேர்ந்த சொல். குழந்தையின் இடுப்பில் கட்டுவது அரைஞாண். இத்தனை இடத்தில் விளங்கும் சொல் தசையோடு சேர்ந்தவுடன் விளங்காமற் போகும் என்பது, அகராதியைப் புரட்டச் சோம்பல்படுகிறவரின் வாதம். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவராய் இருந்தும், மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து அதற்கான சொற்களையும் தேடித் தந்தார். அவருடைய சொற்களெல்லாம் இன்று நிலைக்கவில்லை; ஆனால் இரு உறுப்புக்கு ஒரு பெயர் போதும் என்ற சோம்பல் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் மருத்துவர் செய்வதைக் கவனிக்கட்டும். தசையோ நாணோ பழுதுபட்டதென்று ஐயுற்றால், தம் கையால் தடுத்துக்கொண்டு, அந்தத் தடையை எதிர்த்துக் காலை அசைக்கச் சொல்லி எங்கே நோகிறதென்று பார்ப்பார். மூட்டின் கட்டான லிகமெண்ட் அறுந்ததென்று ஐயுற்றால், நோயாளியைத் தளர்த்திப் படுக்கவைத்துத் தாமே மூட்டை இழுத்து, அது எவ்வளவு இளகுகிறதென்று பார்ப்பார். கெண்டைத்தசையைக் குதிகாலோடு பிணைக்கும் குதிநாண் அறுந்ததா என்றறிய, குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத்தசையைப் பிசைவார். பாதம் கீழ்நோக்கி அசையவில்லையெனில் நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சையும் வேறுபடும். நாட்பட்ட குதிநாண் நோவுக்கு சுவீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சனும் அவரது குழுவினரும் 1998இல் வெளியிட்ட முறை 12 வாரம் அந்த நாணின்மேல் வேண்டுமென்றே சுமையேற்றும் பயிற்சியாகும். புதிதாக அறுந்த மூட்டுக்கட்டில் அப்படிச் சுமையேற்றச் சொல்ல மாட்டார்கள். "தசைநாருக்குப் பயிற்சி கொடுக்கவும்" என்ற அறிவுரையை எந்த நோயாளி எப்படி எடுத்துக்கொள்வது?

லிகமெண்டுக்கு இணையம் என்ற சொல்லும் ஆளப்பட்டதுண்டு. அது நல்ல சொல்தான். ஆனால் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டதால், இணையம் அறுந்தது என்றால் இனி யாரும் முழங்காலைத் தடவிப் பார்க்க மாட்டார்கள். அதற்கே வழங்கும் பந்தகம் என்ற இன்னொரு சொல் வடமொழி வழிவந்தது என்பதைவிட, கேட்டவுடன் பொருள் தராதது என்பதே எனக்குக் குறை. பிணைநார் என்பதையே நான் எழுதுகிறேன். முழங்காற் சில்லையும் கீழ்க்கால் என்பையும் தொடுக்கும் பட்டையை ஆங்கில நூல்களே ஒருகால் டெண்டன் என்றும் ஒருகால் லிகமெண்ட் என்றும் எழுதுவதை எதிர்த்தரப்பார் சுட்டிக்காட்டலாம். அது ஓரிடத்துக் குழப்பம். உடம்பு முழுவதற்கும் அதை உரிமமாகக் கொள்ள முடியாது.

அன்று பையனை முழங்காலை மடித்துக் குதிக்காலைத் தரையில் ஊன்றச் சொன்னேன். பின்பக்கத்தில் கயிறுபோலப் புடைத்து நின்றதைத் தொட்டுப் பார்த்தான். அதுதான் நாண், அதிலொன்றைத்தான் எடுப்பார்கள் என்றேன். பிறகு துண்டுப்பிரசுரத்தின் ஓரத்தில் பேனாவால் திருத்தி எழுதினேன்: "கிழிந்த பிணைநாருக்குப் பதிலாக நோயாளியின் தசைநாண் எடுத்துப் பொருத்தப்படும்." வாக்கியம் ஒரு சொல்கூட நீளவில்லை.