பீரோவுக்குள் தோல் பை ஏன் கெட்டுப்போகிறது?

அக்கா பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தப் பையை இறக்கியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்து வருடம் முன்பு அத்தான் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது, பெயர்பெற்ற கம்பெனியின் பை. துணி உறைக்குள் போட்டு, அதற்கு மேல் பாலித்தீன் கவர் சுற்றி, நாலு அந்துருண்டையும் வைத்துப் பூட்டியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் மேலெல்லாம் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படலம், கைப்பிடி வளையத்தைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ ஒன்று, உள்ளே கைவிட்டால் லைனிங் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "ரெண்டு கல்யாணத்துக்குத்தான்டா எடுத்துட்டுப் போனேன்" என்றாள், கண் கலங்கிவிட்டது.

அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. பட்டுப்புடவையைப் பாதுகாப்பது போலப் பாதுகாத்திருக்கிறாள். ஆனால் தோல் வேறு மாதிரியான பொருள்.

ஆடோ மாடோ, தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார்கள். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற மூலக்கூறுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பச்சைத்தோலை அப்படியே போட்டால் அழுகும், இழுத்துக் கட்டிக் காயவைத்தால் பறைத்தோல் மாதிரி விறைத்துவிடும். பதனிடும்போது குரோமிய உப்போ மரப்பட்டைச் சாறோ அந்த நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைக்கிறது, அதனால் கிருமிகள் அவ்வளவு எளிதில் அதைத் தின்ன முடியாது. பச்சைத்தோல் சுமார் 60 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும், நல்ல குரோம் தோலோ 100 டிகிரியையும் தாங்கும். அப்புறம் எண்ணெய் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய் ஒவ்வொரு நாரையும் பூசி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வைப்பதால்தான் பை கையில் குழைகிறது. இதோடு தோலுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும், சாதாரணக் காற்றில் அதன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. காற்று ஈரமானால் தோல் இன்னும் குடிக்கும், காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். பாலித்தீன் கவர் அந்தப் போக்குவரத்தைத்தான் அடைத்துவிடுகிறது.

முதலில் அந்த வெள்ளைப் படலம். பூஞ்சை விதைகள் எல்லாக் காற்றிலும் மிதப்பவை, நம்மால் தடுக்க முடியாது. ஆனால் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால்தான் அவை முளைக்கும். சென்னையில் மழை மாதங்களில் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், அதிலும் வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவுக்குள் காற்றே அசையாது. தோலில் ஏற்றிய எண்ணெயும், நம் கைபட்டுப் படிந்த வியர்வையும் அழுக்கும் பூஞ்சைக்குச் சாப்பாடு. அந்துருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தைக் குறைக்காது, அதன் வாசனை தோலில் ஏறிவிட்டால் போக்குவதும் பெரும்பாடு.

ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை, இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சில சமயம் உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்கள் மேலே வந்து உறைந்து, வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். கொழுப்பு என்றால் கண்ணெதிரே உருகி மறையும், மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். பூஞ்சை என்றால் அப்படியே இருக்கும். அக்கா பையில் உருகவில்லை. மொட்டைமாடி நிழலுக்கு எடுத்துப்போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டினோம். இதை வீட்டுக்குள் செய்தால் விதைகள் அடுத்த பைக்குப் போய்விடும். ஈரத்துணியால் முதலிலேயே தேய்த்தால் அதைப் பரப்புகிற மாதிரிதான் ஆகும்.

வளையத்தைச் சுற்றி இருந்த பச்சையும் இதே கொழுப்பின் வேலைதான். வளையம், ரிவிட் எல்லாம் பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பு கலந்தது. தோலிலிருந்து வரும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை நிறச் சோப்பு போன்ற ஒரு உப்பாகிறது. பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும். முலாம் தேய்ந்த இடத்தில்தான் இது முதலில் கிளம்பும், எண்ணெய் அதிகமாகத் தடவினால் இன்னும் அதிகமாகும். அதனால் தோல் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். தோல் கறுத்துத் திட்டுத் திட்டாகும், தூசி ஒட்டும், பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலவும் ஆகும். சோப்பும் வேண்டாம். பதனிட்ட தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரம், நாளாவட்டத்தில் பதனிட்ட பிணைப்பையே தளர்த்திவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது லைனிங்தான், ஏனென்றால் அதற்கு மருந்து கிடையாது. அது தோலே இல்லை, துணிமேல் பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் பூசியது. காற்றில் இருக்கும் ஈரம் அந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது, சங்கிலி குட்டையாகக் குட்டையாகப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கிறது, இல்லையென்றால் செதில் செதிலாக உதிர்கிறது. ரெக்சின் சோபா உரிவதும், பல வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூவின் அடிப்பாகம் போட்ட அன்றே பொடியாவதும் இப்படித்தான். பயன்படுத்தாமல் வைத்தாலும் இது நிற்காது, சூடும் ஈரமும் வேகத்தைக் கூட்டும். பவுடர் போட்டு ஒட்டலை மறைக்கலாம், அது நாலு நாளைக்கு வரும்.

பழைய தோலுக்கு இன்னொரு வியாதி உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. கேஸ் விளக்கு எரிந்த லண்டன் அறைகளில் தோல் சிதைவதைக் கவனித்த விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, 1843-லேயே அந்தப் புகையின் கந்தகத்தைக் காரணமாகச் சொன்னார். பட்டைச்சாறில் பதனிட்ட தோல் கந்தக வாயுவை உறிஞ்சி, அது உள்ளேயே அமிலமாகி, நார்களை அறுத்து, கடைசியில் தொட்டால் கையில் செம்பொடியாக ஒட்டும். லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு, புத்தகம் கட்டும் தோல்களை ஆராய்ந்து, 1901-ல் தந்த அறிக்கையில் கிழக்கிந்தியத் தோலை மிக மோசமானது என்று ஒதுக்கியது, பத்து வருடத்துக்குள்ளேயே அது சிதைந்ததைப் பார்த்திருந்தார்கள். அந்தத் தோலைப் பதனிட்டது பெரும்பாலும் நம் ஆவாரம்பட்டை. ஆவாரையின் டேனின், அதாவது தோலைப் பதனிடும் சத்து, ஒரு வகை, கடுக்காயின் டேனின் வேறு வகை, முதல் வகைக்குத்தான் இந்தச் செம்பொடி நோய் சீக்கிரம் வருகிறது. பாட்டி காலத்துத் தோல் பை விளிம்பில் செம்பொடி உதிர்ந்தால் எண்ணெய் தடவிப் பயனில்லை, அறுந்த நார் திரும்ப ஒட்டாது. இன்றைய பைகளில் பெரும்பாலானவை குரோம் தோல் என்பதால் இந்தப் பயம் குறைவு. வெளிர்நிறக் கைப்பிடி, வார் போன்றவற்றில்தான் பட்டைத்தோல் அதிகம், அவை வெயிலிலும் கைபட்டும் பழுப்பேறும், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் விழும்.

சரி, எப்படித்தான் வைப்பது? காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் அருமை, நம் கடற்கரை ஊர்களில் 60-க்குள் நிறுத்தினாலே போதும் என்பேன். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, முதலில் அதை வாங்கி அலமாரியில் வையுங்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம். சிலிக்கா ஜெல் நல்லது, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈரம் இழுக்கும். ஆனால் சந்துபொந்துள்ள பீரோவில் ஒரு சின்ன பாக்கெட் சில நாளிலேயே நிறைந்துவிடும், அதற்குப் பிறகு அது இருந்தும் இல்லாததுதான். மூடி இறுகிய பெட்டியில் நிறையப் போட்டு, நிறம் மாறியதும் எடுத்து, ஓவனில் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். இல்லையென்றால் பருத்தி உறையில் போட்டுத் திறந்த தட்டில், வெயில் படாமல் வைப்பதே மேல். உள்ளே பழைய வெள்ளைத் துணியைத் திணித்து உருவம் நிற்க வையுங்கள், செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். ஆணியில் தொங்கவிட்டால் கைப்பிடியின் தையல் இழுபடும். வார்னிஷ் போட்ட மாதிரிப் பளபளக்கும் தோலை வேறு நிறப் பையோடு உரச விடாதீர்கள், பக்கத்துப் பையின் சாயத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு போகவே போகாது.

எல்லாவற்றையும்விட, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள், அன்றைக்குக் கடைக்கு அதையே மாட்டிக்கொண்டு போங்கள். 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போன முதல் பிர்கின் பையும் அலமாரியில் கிடந்து வந்தது இல்லை, அந்தப் பைக்குப் பெயர் தந்த நடிகை ஜேன் பிர்கின் கிட்டத்தட்ட ஒன்பது வருடம் தினமும் தூக்கி அலைந்து, ஸ்டிக்கர் ஒட்டி, நகவெட்டியைக்கூட வாரில் தொங்கவிட்டிருந்த பை அது.

அக்கா பையின் லைனிங்கைப் பை தைப்பவரிடம் கொடுத்து முழுக்கப் பிரித்தெடுத்தோம். பாலியூரித்தேன் வேண்டாம் என்று சொல்லி, கெட்டியான காடாத் துணி வைத்துத் தைத்தார். உட்புறம் பழைய நிறம் இல்லை, மாநிற வெள்ளை, ஆனால் கைவிட்டால் சுத்தமாக இருக்கிறது. போன வாரம் காய்கறி வாங்க அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.