ஐபி68 என்றால் போனைக் குளிப்பாட்டலாம் என்று அர்த்தமில்லை

"வாட்டர்புரூஃப் போன்தானே, உள்ளே எப்படித் தண்ணி போச்சு?" சர்வீஸ் மேசையில் இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உங்கள் போனுக்குக் கொடுத்திருப்பது ஐபி68 என்ற சோதனைத் தரம், அவ்வளவுதான். 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். பல மாடல்களில் 1.5 மீட்டர், 30 நிமிடம். அதுவும் புத்தம்புது போனை அசையாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்தது. குளோரின் போட்ட நீச்சல்குளம், கடல், சோப்பு நுரை, வெந்நீர் ஆவி எதுவும் அந்தக் கணக்கில் வராது. மூழ்கினால் தாங்குகிற போன் பீய்ச்சியடித்தாலும் தாங்கும் என்றும் இல்லை. பாயும் நீருக்கு ஐபி65, ஐபி66 என்று தனிச் சோதனை உண்டு. குழாயை முழுசாகத் திறந்து போனைக் கழுவுகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

பெரிய ஃபிளாக்‌ஷிப் போனை, அதாவது நிறுவனத்தின் உச்ச மாடலை, குறை சொல்ல வரவில்லை. 6.8 அங்குலத் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் பெரிஸ்கோப் கேமரா எல்லாவற்றையும் சின்ன போனில் அடைக்க முடியாது. சில மாடல்களுக்கு 7 வருட அப்டேட்டும் உண்டு. ஆனால் பின்கண்ணாடியை ஒட்டி, தண்ணீரையும் தடுக்கிற பசைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சார்ஜில் போட்டபடியே கேம் ஆடும் சூட்டில் அது மெல்லப் பிடிப்பை இழக்கிறது. 230 கிராம் கனம் கைதவறி விழுந்தால் அடியும் பலம். கண்ணாடி உடையாவிட்டாலும் ஃபிரேம் மயிரிழை வளைந்தால் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். விழுந்த போனுக்கும், ஒருமுறை பிரித்த போனுக்கும் ஐபி எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள். சிம் டிரேயில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் தொலைத்துவிடாதீர்கள்.

சார்ஜிங் போர்ட் தனிக்கதை. அது திறந்தே கிடக்கிறது. ஈரத்தோடு கேபிளைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து உள்ளிருக்கும் உலோகப் பின்கள் அரித்துப்போகும். ஆஸ்திரேலியாவில் நீச்சல்குளம், கடல் என்று காட்டிய கேலக்ஸி விளம்பரங்களுக்காக 2022இல் சாம்சங் மீது 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்ததற்கும் இந்த அரிப்புதான் அடிப்படை.

நனைந்துவிட்டதா? அணையுங்கள். துடையுங்கள். போர்ட் கீழே பார்க்க உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். உப்புத் தண்ணீரோ நீச்சல்குளத்துத் தண்ணீரோ என்றால் முதலில் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், மிச்சமிருக்கிற பசையையும் அது இளக்கும். அரிசி டப்பாவும் வேண்டாம். அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிட அதன் மாவு போர்ட்டில் அடைவதுதான் அதிகம். ஈரம் என்று திரையில் எச்சரிக்கை வந்தால் வேறு கேபிளைச் செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். அவசரமென்றால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு வயர்லெஸ் சார்ஜரில் வையுங்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வசதி அது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த போன்களில் பலவற்றில் மெமரி கார்டு போட இடமில்லை. சேமிப்புச் சிப் போனின் மெயின் சர்க்யூட் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும்; உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய தகவல், சாவி அதே போர்டின் பிராசஸரிடம். போர்டு செத்தால் சிப்பை மட்டும் கழற்றி எடுத்துப் பயனில்லை. குழந்தையின் படங்களைக் கேட்டு அழுகிறவர்களிடம் இதைச் சொல்வது எங்களுக்கும் கஷ்டம். இன்றைக்கே பேக்கப்பைப் போட்டுவையுங்கள்.