கனவு என்று தெரிந்ததும் கத்தாதீர்கள்

"கனவுலதான் இருக்கேன்னு தெரிஞ்சுது டாக்டர். சந்தோஷத்துல ஓன்னு கத்தினேன். அவ்வளவுதான், முழிச்சிட்டேன்."

கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னது. ஆனால் அவரை அம்மா என்னிடம் அழைத்து வந்தது, பையன் வகுப்பில் தூங்கி வழிகிறான் என்பதற்காக. லூசிட் ட்ரீம் வரவைக்க ராத்திரிக்கு நாலு அலாரம் வைத்திருக்கிறார்!

கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்திருப்பதுதான் லூசிட் ட்ரீம். கட்டுக்கதை இல்லை. கனவுகள் மிகுந்த ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்கும் விலக்கு. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். ஆய்வாளர் கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார்.

சரி, கனவு என்று தெரிந்துவிட்டது. உடனே பறக்கத் துடிக்காதீர்கள். பரபரப்பு ஏறினால் விழிப்புத் தட்டிவிடும். கனவிலேயே உள்ளங்கைகளைத் தேயுங்கள், சுவரைத் தொட்டுப் பாருங்கள். கவனம் கனவின் கைகளில் இருக்கும்வரை கட்டிலில் கிடக்கும் உடம்பின் பக்கம் போகாது. ஸ்டான்ஃபோர்டில் இதை ஆராய்ந்த ஸ்டீஃபன் லபெர்ஜும் கை தேய்ப்பதைப் பரிந்துரைத்தார்.

கிள்ளிப் பார்ப்பதை நம்பாதீர்கள், கனவிலும் வலிக்கலாம். வாயை மூடி, மூக்கைப் பொத்தி மூச்சை இழுங்கள். காற்று வந்தால் கனவுதான்.

இன்னொரு சிக்கல், தெளிவு நழுவுவது. என்னிடம் வரும் ஒரு பெண்மணி, கனவு என்று தெரிந்த பிறகும், டிக்கெட் எடுக்கவில்லையே என்று கண்டக்டருக்குப் பயந்து பஸ் சீட்டுக்கு அடியில் ஒளிந்தாராம்! சிரிக்க வேண்டாம். நிதானித்து யோசிக்கும் முன்மூளை அப்போது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அதனால் 'இது கனவு' என்று அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். எதையாவது செய்து பார்க்க ஆசை என்றால், படுக்கும் முன்பே சின்னதாக ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கனவையே ஆட்டிவைப்பது எல்லோருக்கும் கைகூடாது. கதவு திறக்காது என்று உள்ளூர நினைத்தால் அது திறக்காது. துரத்துவதை விரட்ட முயன்றால் பெரும்பாலும் இன்னும் வேகமாகத் துரத்தும். நின்று, திரும்பி, 'யார் நீ?' என்று கேளுங்கள். கெட்ட கனவுகளால் தவிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

சில சமயம் கண் விழித்தும் உடம்பு அசையாது. ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ரெம் உறக்கத்தின் அந்தத் தசைக்கட்டு அவிழக் கொஞ்சம் தாமதம். திமிறாமல் மெதுவாக மூச்சுவிட்டு, கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

எது நிஜம் என்ற குழப்பம் முன்பே வந்தவர்கள், மனச்சிதைவுக்கோ இருதுருவக் கோளாறுக்கோ மருந்து எடுப்பவர்கள் லூசிட் ட்ரீம் முயற்சியில் இறங்கவே வேண்டாம்.

மாணவரிடம் அலாரங்களை எல்லாம் அணைக்கச் சொன்னேன். ரெம் உறக்கம் விடியற்காலையில்தான் நீளும். முழுத் தூக்கம் தூங்கினாலே வாய்ப்பு அதிகம். அடுத்த முறை வந்தபோது, கை தேய்த்ததில் கனவு நீடித்ததா என்று ஆர்வமாகக் கேட்டேன். அம்மா குறுக்கிட்டார்: "அது கிடக்கட்டும் டாக்டர், ஃபர்ஸ்ட் பீரியட்ல முழிச்சிருக்கானான்னு கேளுங்க."