பழைய கணினியை விண்டோஸ் 11 ஏன் ஒதுக்குகிறது?

பழைய மேசைக் கணினி ஒன்றைத் திறந்து, விசிறியைக் கழற்றி, கணினியின் மூளையான பிராசசரின் மேல் காய்ந்து கிடக்கும் பசையைத் துடைத்துப் பாருங்கள். இன்டெல் சிப் என்றால் உலோக மூடியில் ‘மலே’ என்ற ஆங்கில எழுத்துகள் தென்பட வாய்ப்பு அதிகம். 1972இல் இன்டெல் பினாங்கில் ஆலை தொடங்கியதிலிருந்து, உலகெங்கும் போன சிப்புகளில் கணிசமானவை மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டவை. அப்படிப்பட்ட ஒன்று இன்று பினாங்கின் கொம்தார் வளாகத்துக் கணினிக் கடைக்கு வந்தால், ‘இதில் விண்டோஸ் 11 இயங்காது’ என்ற பதில் கிடைக்கிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவுசெய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதால் பலர் அவசரமாகப் புதிய மடிக்கணினி விலை கேட்கிறார்கள். ஆனால் ‘இயங்காது’ என்பதற்குக் காரணம் வேகக் குறைவு அல்ல. விண்டோஸ் 11 கேட்பது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 4 ஜிபி ரேமும்தான். 2012ஆம் ஆண்டுக் கணினியே அதை எளிதில் தாண்டும்.

பெரும்பாலும் தடுப்பது டிபிஎம் 2.0. கணினி விழித்தெழும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நிரல்களை அளந்து நினைவில் வைக்கும் பாதுகாப்புச் சிப் இது. ஒவ்வொரு நிரலும் ஓடுமுன் அதன் ஹாஷ் கணக்கிடப்படுகிறது. ஹாஷ் என்பது எவ்வளவு பெரிய கோப்பையும் 256 பிட் எண்ணாகச் சுருக்கும் கணக்கு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். டிபிஎம்மின் பதிவேட்டில் இந்த எண்ணை நேரடியாக எழுத முடியாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள எண்ணோடு புதியதைச் சேர்த்து, மறுபடி ஹாஷ் செய்து, வருவதைத்தான் வைக்க முடியும். பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் கட்டும் பூச்சரத்தைப் போல, முடிச்சை அவிழ்க்காமல் நடுவில் ஒரு பூவை மாற்ற முடியாது. தொடக்க நிரலில் வைரஸ் புகுந்திருந்தால் கடைசி எண் பொருந்தாது. அப்போது, பூட்டி வைத்த வட்டைத் திறக்கும் சாவியை டிபிஎம் தராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடந்த பத்தாண்டுகளில் வந்த கணினிகள் பெரும்பாலானவற்றில் டிபிஎம் வசதி உள்ளமைந்தே இருக்கிறது. பலவற்றில் அது பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெல் கணினியில் ‘பிடிடி’, ஏஎம்டி கணினியில் ‘எஃப்டிபிஎம்’ என்று தேடுங்கள். அதைப் பாராமல் புதிய கணினி வாங்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். விண்டோஸ் 11 கேட்கும் இன்னொன்றான செக்யூர் பூட் (நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் ஓடவிடும் வசதி) விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், முதலில் ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டுத்தான் பயாஸை, அதற்குத் தேவையான புதிய தொடக்க முறையான யூஇஎஃப்ஐக்குத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் கணினி விண்டோஸைக் கண்டுபிடிக்காமல் திகைத்து நிற்கும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பயாஸைத் தொடுவது நல்லது.

அடுத்த தடை, மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர்களின் பட்டியல். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 முதல். ஒருசில விதிவிலக்குகள் உண்டு. இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் (சிறு துண்டிலும்) நிரலை ஓட்டலாமா கூடாதா என்ற அனுமதி உண்டு. கணினிக்குள் கணினி ஓட்ட உதவும் மெய்நிகராக்க அட்டவணையில் பழைய பிராசசர்கள் இதற்கு ஒரே பிட்டை வைத்திருந்தன. இயங்குதளத்தின் மையப்பகுதியான கருவுக்கும் (கெர்னல்) சாதாரண மென்பொருளுக்கும் அது பொது. புதியவற்றில் இரண்டுக்கும் தனித்தனி பிட். அதனால் நம்பகமான மின்கையொப்பம் இல்லாத நிரல் கருவுக்குள் ஓடாமல் தடுப்பது எளிது. பழையவற்றில் இதையே மென்பொருளால் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது.

ஆனால் இந்த வசதி இன்டெலின் 7ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. பட்டியலில் இடம்பெற்ற ரைசன் 2000இல் இல்லை. ஆகவே 8 என்ற கோடு இயற்பியல் கிழித்தது அல்ல, நிறுவனம் கிழித்தது. தகுதியில்லாத கணினிகளில் கருநிலைச் செயலிழப்புகள் 52 சதவீதம் அதிகம் என்று 2021இல் மைக்ரோசாஃப்ட் காரணம் காட்டியது.

கிழித்த கோடு என்பதால் தாண்டவும் முடிகிறது. ரூஃபஸ் போன்ற கருவி, சோதனைகளை நீக்கிய நிறுவல் பென்டிரைவைத் தயாரித்துத் தரும். மாதாந்திரத் திருத்தங்கள் பொதுவாக வந்துகொண்டிருக்கும். உத்தரவாதம் மட்டும் இல்லை. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பைப் பெரும்பாலும் நாமே கையால் ஏற்ற வேண்டும். வீட்டுக் கணினிக்கு இது பரவாயில்லை. கடைக் கணக்கோ கிளினிக் பதிவோ இருக்கும் கணினியில் செய்யாதீர்கள்.

தாண்டவே முடியாத தடையும் ஒன்று உண்டு. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு ‘பாப்கவுண்ட்’ என்ற கட்டளை பிராசசரிலேயே இருக்க வேண்டும். ஓர் எண்ணின் இரும வடிவில் எத்தனை 1கள் என்று எண்ணுவதே அதன் வேலை: 13 என்றால் 1101, விடை 3. இன்டெலில் இது 2008இல் வந்த நெஹேலம் குடும்பத்தோடு அறிமுகமானது. அதற்கு முந்திய கோர் 2 டுவோவிடம் இதைக் கேட்டால் ‘தெரியாத கட்டளை’ என்று நின்றுவிடும். எந்த ரூஃபஸும் சிலிக்கனில் இல்லாததைச் சேர்க்க முடியாது. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் நல்லது. தமிழ்99 விசைப்பலகை உண்டு, வருமானவரி இ-ஃபைலிங்கை உலாவியிலேயே முடித்துவிடலாம். சுழலும் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கணிசமாகக் கூடும்.