பிளாஸ்மா தொலைக்காட்சி: பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்?

பிளாஸ்மா கிரேக்கச் சொல். ‘வார்த்தல், உருக்கொடுத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கும் அதே வேரில் முளைத்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அதை இயற்பியலுக்குள் இழுத்து வந்தவர் அமெரிக்க அறிவியலர் இர்விங் லாங்மியூர், 1928இல். மின்சாரம் பாயும் வளிமம் (வாயு) எலக்ட்ரான்களையும் அயனிகளையும் ஏந்தி நிற்பதைப் பார்த்தபோது, இரத்த நீர் அணுக்களைச் சுமந்து செல்வது அவருக்கு நினைவு வந்ததாம். உடன் பணியாற்றியவர் ஒருவர் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார்.

தமிழில் இரண்டு பொருளுக்கும் இரண்டு சொல் உண்டு. இரத்தத்தில் உள்ளது குருதி நீர்மம். இயற்பியலில் வருவது அயனிமம். இதில் ‘அயனி’யும் கிரேக்கத்திலிருந்து வந்ததே, ஆனால் தமிழ் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. திட, திரவ, வாயு நிலைகளுக்கு அடுத்த நான்காம் நிலையைச் சொல்ல ‘அயனிமம்’ நல்ல சொல். ஆனால் ‘அயனிமத் தொலைக்காட்சி’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. சாதனத்துக்குப் ‘பிளாஸ்மாத் திரை’ போதும் என்பது என் கருத்து.

இந்தத் திரை 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் கணினிவழிக் கல்விக்காக உருவாக்கினார்கள். அப்போது ஆரஞ்சு நிறத்தில் மட்டுமே ஒளிர்ந்தது. வீட்டுக்கு வந்த வண்ணத் திரையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே லட்சக்கணக்கான சிற்றறைகள், அவற்றுக்குள் நியானும் செனானும். மின்சாரம் பாய்ந்ததும் வளிமம் அயனிமமாகிப் புற ஊதாக் கதிரை உமிழ்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. சிற்றறைச் சுவரில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அதை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. பெயர் வளிமத்துக்குப் போனாலும் நாம் பார்க்கும் நிறமெல்லாம் பாஸ்பர் தருவது.

ஒவ்வொரு சிற்றறையும் தானே ஒளிர்வதால் பின்னால் விளக்கு தேவையில்லை. பின்விளக்கு தேவைப்படும் எல்சிடித் திரையோடு ஒப்பிட்டால் பிளாஸ்மாவின் பெருமை இங்கேதான்: கருமை. பயோனியர் நிறுவனம் தன் உயர்தரப் பிளாஸ்மா வரிசைக்கு ‘குரோ’ என்று பெயர் வைத்தது, ஜப்பானிய மொழியில் கறுப்பு என்று பொருள். படம் பார்க்கத் திரையை மதிப்பிடுபவர் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு அகலத்திரைப் படம் ஒன்றை ஓடவிடுங்கள். மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டைகள் இருளோடு கலந்துவிடுகின்றனவா, சாம்பலாக மிதக்கின்றனவா? அப்புறம் திரைக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்று இருண்ட பகுதிகளைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் நெளியும். அது பழுதல்ல, பிளாஸ்மாவின் இயல்பு. உட்காரும் தூரத்தில் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

‘எச்டி’ (உயர் தெளிவு) என்று எழுதியிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். 42 அங்குலத் திரைகள் பலவற்றில் 1024 × 768 படப்புள்ளிகளே இருந்தன. புள்ளிகளைச் சதுரமாக இல்லாமல் அகலமாக அமைத்து 16:9 வடிவத்தை நிரப்பினார்கள். முழு எச்டிக்கு 1920 × 1080 வேண்டும். வெளிச்சமான அறைக்குப் பிளாஸ்மா ஒத்துவராது: முன்கண்ணாடி எதிரொளிக்கும், திரை முழுக்க வெள்ளை வந்தால் மின்சாரச் செலவைக் கட்டுப்படுத்தப் பிரகாசம் தானாகக் குறையும்.

‘ஹோம் தியேட்டர்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பேச்சுவழக்கில் பலர் ஒலிபெருக்கித் தொகுப்பை மட்டும் அப்படிச் சொல்கிறார்கள். திரை, ஒலி, அறை மூன்றும் சேர்ந்ததே அது. ‘இல்லத் திரையரங்கு’ என்ற தமிழ்ச் சொல் அந்த முழுமையைச் சரியாகக் காட்டுகிறது.

பானசோனிக், சாம்சங், எல்ஜி ஆகியவை 2013, 2014 வாக்கில் பிளாஸ்மாவை நிறுத்திவிட்டதால் இன்று கிடைப்பதெல்லாம் ஒருவர் பயன்படுத்தியவைதான். வாங்குமுன் திரை முழுக்கச் சாம்பல் நிறத்தை வரவழைத்து மூலைகளைப் பாருங்கள். ஏதோ ஒரு செய்தி அலைவரிசையின் சின்னம் மங்கலாக நிலைத்திருந்தால், ஆங்கிலத்தில் பர்ன்-இன் என்பது அதுதான். தமிழில் ‘படத்தழும்பு’ எனலாம். பாஸ்பர் அந்த இடத்தில் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், அதைப் பழையபடி ஆக்க முடியாது.